திட்டம் வரும், போகும்; பட்டியலில் நம்ம பேர் இருக்கா?
(200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தை வைத்து ஒரு பாடம்)



"அரசாங்கம் புதுசா ஒரு திட்டம் கொண்டு வருதாம், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமாம்" என்ற பேச்சு லயத்து வாசலுக்கு அடிக்கடி வந்து போகிறது. சிலர் உடனே நம்பி விடுகிறோம். சிலர் "இதெல்லாம் நமக்கு எங்க வரப்போகுது" என்று கையை உதறி விடுகிறோம். இரண்டுமே நமக்கு நல்லதில்லை. திட்டம் என்றால் என்ன, அது எதில் ஓடுகிறது, யாருக்குப் போய்ச் சேருகிறது என்று விளங்கிக்கொண்டால்தான் நம் பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறக்கும். அதற்காக நம் நாட்டில் நடந்த ஒரு பெரிய திட்டத்தை இந்தப் பாடத்தில் எடுத்துப் பார்ப்போம்.

பொருளாதார வளர்ச்சி என்றால் என்ன?

ஒரு வருசத்தில் நாட்டுக்குள் உண்டாகும் பொருள்கள், செய்யப்படும் சேவைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பெறுமதி உண்டு. அந்தப் பெறுமதி முந்தின வருசத்தை விடக் கூடினால் அதைப் பொருளாதார வளர்ச்சி என்கிறார்கள். தோட்டத்தில் போன வருசத்தை விட இந்த வருசம் கொழுந்து கூட வந்தது என்று சொல்வது மாதிரித்தான். ஆனால் கொழுந்து கூடினதால் மட்டும் எல்லார் வீட்டிலும் அடுப்பு நன்றாக எரியும் என்று சொல்ல முடியாது. நாடும் அப்படித்தான். வளர்ச்சி ஒரு கணக்கு, வேலை இன்னொரு கணக்கு. இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்றுதான் அரசாங்கங்கள் திட்டம் போடுகின்றன.

இதற்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ரோடு, குளம், கட்டிடம் என்று அரசாங்கமே வேலை தொடங்கிக் கூலி கொடுப்பது. இரண்டு, ஆட்களுக்குப் பயிற்சியும் கடனும் கொடுத்து அவர்களே தொழில் செய்ய விடுவது. மூன்று, முதலாளிமாருக்கு வரிச் சலுகை கொடுத்து, "இந்த இடத்தில் தொழிற்சாலை போடு, இத்தனை பேருக்கு வேலை கொடு" என்று சொல்வது. நாம் பார்க்கப்போவது இந்த மூன்றாவது வழி.

கட்டுநாயக்க முதல் கிராமம் வரை

1977ல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் திறந்த பொருளாதாரக் கொள்கையைக் கொண்டு வந்தது. 1978ல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. வெளிநாட்டு முதலாளிமார் வந்தார்கள். அங்கே எழுந்த தொழிற்சாலைகளில் கூடுதலானவை உடுப்புத் தைக்கும் தொழிற்சாலைகள், நாம் "கார்மன்ட்" என்கிறோமே, அதுதான்.

ஏன் உடுப்பு? இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். துணி, உடுப்பு வியாபாரம் பற்றி 1974ல் உலக நாடுகளுக்கிடையே ஓர் உடன்படிக்கை வந்தது. அதன்படி அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்கள் ஒவ்வொரு நாட்டிடமிருந்தும் இவ்வளவு உடுப்புத்தான் வாங்குவோம் என்று அளவு போட்டன. இதற்குக் கோட்டா என்று பேர். சங்கக் கடையில் கூப்பனுக்கு இவ்வளவு சாமான் என்று அளந்து கொடுத்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே கதைதான். ஹொங்கொங், தென்கொரியா போன்ற இடங்களின் கோட்டா நிறைந்து போனதால், அங்குள்ள முதலாளிமார் கோட்டா மிச்சம் இருந்த நாடுகளைத் தேடினார்கள். அப்படித் தேடியபோது அவர்கள் கண்ணில் பட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. நம் நாட்டுப் பெண்பிள்ளைகள் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள், கூலியும் குறைவு. 1990களின் தொடக்கத்துக்குள் உடுப்பு ஏற்றுமதி, நம் தேயிலையையே முந்திக்கொண்டு போய்விட்டது.

ஆனால் தொழிற்சாலைகள் கொழும்பைச் சுற்றியே நின்றன. தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் கட்டுநாயக்கவுக்குப் போய், ஒரு சின்ன அறையில் பல பேராகப் போடிங்கில் தங்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளைத் தையல் மெசின் பேரைச் சொல்லிக் கேலி பண்ணினவர்களும் உண்டு. இன்னொரு பக்கம் படித்த இளைஞர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். 1987 முதல் 1989 வரை தெற்கில் நடந்த கிளர்ச்சியில் ஏராளமான இளைஞர் உயிர்கள் போயின. அதற்குப் பிறகு ஜனாதிபதி நியமித்த இளைஞர் ஆணைக்குழு 1990ல் அறிக்கை கொடுத்தது. வேலையில்லாத் திண்டாட்டமும், வேலை கொடுப்பதில் நடந்த பாரபட்சமும் இளைஞர்களின் மனக்கசப்புக்குக் காரணம் என்று அது எடுத்துச் சொன்னது.

1992ல் வந்த திட்டம்

இந்த நிலைமையில்தான் ஜனாதிபதி ஆர். பிரேமதாச 1992ல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். கணக்கு எளிமையானது. நாடு முழுக்க 200 தொழிற்சாலை, ஒன்றுக்கு 500 பேர், ஆக 1,00,000 பேருக்கு வேலை. பிள்ளை தன் வீட்டிலிருந்தே காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும், அதற்காகத் தொழிற்சாலை கிராமத்தைத் தேடி வர வேண்டும் என்பது நோக்கம். வேலையாட்களை வறுமைப்பட்ட குடும்பங்களிலிருந்து எடுக்க வேண்டும் என்றும், காலைச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றும் முதலாளிமாருக்குச் சொல்லப்பட்டது.

பதிலுக்கு அவர்களுக்கு என்ன கிடைத்தது? வரி விலக்கு, தீர்வையில்லாமல் மெசினும் துணியும் இறக்குமதி செய்ய அனுமதி, அதோடு கோட்டாவில் பங்கு. பின்தங்கிய இடத்துக்குப் போனவர்களுக்குக் கூடுதல் சலுகை. கோட்டா இல்லாவிட்டால் யாரும் அந்தக் காட்டு ரோட்டில் தொழிற்சாலை போட வந்திருக்க மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1993 மே 1ம் திகதி ஜனாதிபதி பிரேமதாச கொல்லப்பட்டார். திட்டம் அதோடு நின்றுவிடவில்லை. 200 என்ற எண்ணிக்கை முழுதாக எட்டப்படாவிட்டாலும், நூற்றுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் எழுந்தன. அதுவரை கைக்காசு பார்த்திராத பெண்பிள்ளைகள் மாதச் சம்பளம் எடுத்தார்கள். 500 பேர் சம்பளம் எடுக்கும் ஊரில் கடை ஓடும், பஸ் ஓடும், தையற்காரருக்கும் மரக்கறிக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். ஒரு வேலை நாலு வேலையை இழுத்து வரும் என்பது இதுதான். இந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

நம்ம வாசலுக்கு ஏன் வரவில்லை?

"அப்போ நம்ம பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கல்ல?" என்று கேட்பீர்கள். அந்த நாட்களில் அப்படியான தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இருந்த தோட்டங்களிலும் ஒரு சில பிள்ளைகளே உள்ளே போனார்கள். அதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது, பட்டியல். வறுமைப்பட்ட குடும்பம் எது என்று காட்டியது பெரும்பாலும் ஜனசவியப் பட்டியல். 1989ல் தொடங்கிய ஜனசவியத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா பெறுமதி, 24 மாதத்துக்கு என்று கணக்கு. தோட்டக் குடும்பத்துக்குத்தான் சம்பளம் வருகிறதே என்று சொல்லி, நம் சனங்களில் பெரும் பகுதியை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரு பட்டியலில் பேர் விடுபட்டால் அடுத்த பட்டியலிலும் விடுபடும்.

இரண்டாவது, பத்திரம். 1948ல் பறிபோன குடியுரிமைப் பிரச்சினை 1992லும் முழுதாகத் தீர்ந்திருக்கவில்லை. அதற்குக் கடைசித் தீர்வாக வந்த சட்டம் 2003ம் ஆண்டின் 35ம் இலக்கச் சட்டம். அடையாள அட்டை இல்லாத பிள்ளையைத் தொழிற்சாலை வாசலில் நிற்கும் காவல்காரர் கூட உள்ளே விட மாட்டார்.

மூன்றாவது, தோட்டம் ஒரு தனி உலகமாக இருந்தது. பிரதேச சபைகள் 1987ம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தன. ஆனால் சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018ல்தான் அது திருத்தப்பட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிராமம், இந்தப் பக்கம் தோட்டம். அறிவித்தல் பலகை அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்காமல் மலைக்குப் போய் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தாலும் செக்ரோலில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அரசாங்கத் திட்டங்களுக்கும் இதே சட்டம்தான். வறுமை இருந்தால் மட்டும் போதாது. வறுமை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும். 2023ல் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியபோதும் விண்ணப்பம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்று இவைதானே முதலில் கேட்கப்பட்டன?

பிறகு என்ன ஆச்சு?

பின்னால் தேவைப்படும் என்று சொன்ன கோட்டாவுக்கு இப்போது வருவோம். 2005 ஜனவரி 1ம் திகதியோடு உலகம் முழுவதும் அந்தக் கோட்டா முறை முடிவுக்கு வந்தது. எந்த நாடும் எவ்வளவும் விற்கலாம் என்று ஆனதும், கோட்டாவை மட்டும் நம்பி நின்ற தொழிற்சாலைகளுக்குக் கஷ்டம் வந்தது. சில மூடப்பட்டன, சில கை மாறின. நல்ல தரத்தில், சொன்ன திகதிக்குத் தைத்துக் கொடுக்கக்கூடியவை நிலைத்தன.

அதே 2005ல் ஐரோப்பா நமக்கு ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச் சலுகையைக் கொடுத்தது. 2010 ஆகஸ்ட்டில் அதை நிறுத்தியது. 2017 மே மாதத்தில் திரும்பக் கொடுத்தது. 2020ல் கொரோனா வந்தபோது வெளிநாட்டு ஓடர்கள் குறைந்து பலருக்கு வேலை போனது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைச் சாமான்களுக்கு 44 வீதத் தீர்வை என்று அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஆகஸ்ட்டில் 20 வீதமாகக் குறைத்தது.

இதிலிருந்து என்ன விளங்குகிறது? கார்மன்ட் வேலையின் கயிறு நம் கையில் மட்டும் இல்லை, அரசாங்கத்தின் கையிலும் முழுதாக இல்லை. தூர தேசத்தில் ஒரு மேசையில் எடுக்கும் தீர்மானம் இங்கே ஒரு பிள்ளையின் மெசினை நிறுத்தும். இது நமக்குப் புதுசும் இல்லை. கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை விழுந்தால் தோட்டத்தில் வேலைநாள் குறைவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்! வேலை நிலைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் வேலை செய்த காலத்துக்கு உரியதை நாம் கையில் வைத்திருக்க முடியும்.

கையில் மிஞ்ச வேண்டியது

இன்றைக்கு நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் போகிறார்கள். "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு அனுப்பி விடுகிறோம். கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

ஊழியர் சேமலாப நிதி, அதுதான் ஈ.பி.எப்., 1958ம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. வேலையாளின் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து குறைந்தது 12 வீதம் போட வேண்டும். ஈ.டி.எப். 1980ம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. அதற்கு 3 வீதத்தை முதலாளி மட்டும் போட வேண்டும். வேலையாளிடம் வெட்டக் கூடாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். பிள்ளையின் சம்பளம் 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

பிள்ளையிடம் வெட்டுவது 8 வீதம்: 2,400 ரூபா.
முதலாளி ஈ.பி.எப். போடுவது 12 வீதம்: 3,600 ரூபா.
முதலாளி ஈ.டி.எப். போடுவது 3 வீதம்: 900 ரூபா.
ஒரு மாதத்தில் சேருவது: 6,900 ரூபா.
ஒரு வருசத்தில் சேருவது: 82,800 ரூபா. வட்டி இதற்கு மேல்.

"ஈ.பி.எப். வெட்டாம முழுச் சம்பளமும் கையில தாறாங்க" என்று சந்தோசப்படுகிற பெற்றோரை நாம் சந்திக்கிறோம். அந்தச் சந்தோசத்தில் பிள்ளைக்கு மாதம் 2,400 ரூபா கூடக் கிடைக்கிறது, 4,500 ரூபா கைவிட்டுப் போகிறது. இதை வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது சேர்விஸ் காசு என்று நாம் சொல்லும் பணிக்கொடை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருசம் முடித்தால், வருசத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று 1983ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மேலே சொன்ன சம்பளத்துக்கு 5 வருசத்தில் 75,000 ரூபா. நாலரை வருசத்தில் கோபித்துக்கொண்டு வந்தால் இந்தக் காசு இல்லை.

இனி ஒரு பிள்ளையின் கதை. நம் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தொழிற்சாலை வேலைக்குப் போய், கலியாணம் முடிந்து திரும்பி வந்தவர். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு, 50 வயது வரை காத்திராமல் ஈ.பி.எப். காசை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. காசு இருந்தது, ஆனால் எடுக்க முடியவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, ஈ.பி.எப். பதிவில் வீட்டில் கூப்பிடும் பேர். மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம் என்று அந்தப் பிள்ளை கைக்குழந்தையோடு பல மாதம் பஸ் ஏறி இறங்கியது. போய்வந்த ஒவ்வொரு நாளும் வீட்டுக்காரருக்கும் ஒரு பேர் போனது. வேலைக்குப் போன முதல் நாளே அந்தப் பதிவை அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்திருந்தால் ஒரு பேனைக் கோட்டில் முடிந்திருக்கும்.

அனுப்பும் முன் ஐந்து கேள்வி

வேலைத் திட்டமோ, தனியார் தொழிற்சாலையோ, கூட்டிப் போக ஆள் வந்தாலோ இந்த ஐந்தையும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. சரியான இடமாக இருந்தால் பதில் சொல்வார்கள்.

1. இந்த வேலைக்கு யார் யார் விண்ணப்பிக்கலாம்? விண்ணப்பம் எந்தக் காரியாலயத்தில், எந்தத் திகதிக்கு முன்? தமிழில் கேட்டு வாங்குங்கள். தமிழும் அரச கரும மொழிதான்.

2. நியமனக் கடிதம் கொடுப்பார்களா? அதில் பேர், சம்பளம், வேலைநேரம், ஓவர்டைம் எல்லாம் எழுதியிருக்கிறதா?

3. ஈ.பி.எப். இலக்கம் எப்போது கிடைக்கும்? சம்பளச் சிட்டை மாதாமாதம் வருமா? சிட்டையில் வெட்டினதாகக் காட்டி நிதியில் கட்டாமல் விடுவதும் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்தில் விசாரிக்கலாம்.

4. தங்குமிடம் எங்கே, வாடகை யார் கொடுப்பது, ராத்திரி வேலை முடிந்தால் போக்குவரத்து என்ன? பெண்பிள்ளைகளை அனுப்பும்போது பெரியவர் ஒருவர் போய் இடத்தைக் கண்ணால் பார்த்து வருவது நல்லது.

5. வேலை நின்றால் பிள்ளையின் கையில் என்ன இருக்கும்? பயிற்சிச் சான்றிதழ் கிடைக்குமா? தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் அடுத்த இடத்தில் புதுசாகத் தொடங்க வேண்டியதில்லை.

வேலைக்கு முன்காசு கேட்கும் ஆளிடமும், பிள்ளையின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆளிடமும் ஜாக்கிரதையாக இருங்கள். அடையாள அட்டையைக் காட்டலாம், பிரதி கொடுக்கலாம், அடகு வைக்கக் கூடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு வீட்டிலும் மழை படாத ஒரு பையை எடுத்து, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், விவாகப் பத்திரம், பள்ளிக்கூடம் விட்ட சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஈ.பி.எப். தாள்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள். பேரும் பிறந்த திகதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் அடுத்த திட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே நலன்புரி உத்தியோகத்தரிடமோ கிராம சேவகரிடமோ கொண்டு வாருங்கள். திருத்த நாள் பிடிக்கும், ஆனால் திருத்தலாம்.

மாதர் கூட்டத்திலும் இளைஞர் கழகத்திலும் கலந்து பேச:

1. நம் தோட்டத்திலிருந்து வெளியே வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேருக்கு ஈ.பி.எப். இலக்கம் தெரியும்?
2. அரசாங்கத் திட்டங்களின் அறிவித்தல் நம் தோட்டத்துக்கு யார் மூலம் வருகிறது? வராவிட்டால் பிரதேச செயலகத்துக்கு மாதம் ஒரு முறை போய் விசாரித்து வரும் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம்?
3. நம் பிள்ளைகள் படிக்க விரும்பும் தொழில் எது? அதற்குப் பக்கத்தில் பயிற்சி எங்கே இருக்கிறது?

நம் முப்பாட்டன்மார் இந்த மலைக்கு வந்தபோது அவர்கள் பேர் துண்டில் எழுதியிருந்தது, துண்டு வேறு ஆளின் கையில் இருந்தது. இன்று துண்டு நம் கையிலேயே இருக்கிறது. அதைச் சரியாக எழுதி வைத்துக்கொள்வோம். அடுத்த திட்டத்தின் பட்டியல் எழுதும்போது, எழுதுகிறவரின் மேசைக்கு முன்னால் முதல் ஆளாக நம்ம பிள்ளை நிற்கட்டும்.